மூணு தடவை அடிச்சா ஆள்

மலையிலிருந்து வரும் போனை எடுத்தால் என்னைத் திட்டுவார்கள்.

"இன்னாத்துக்கு எடுத்த? எடுத்துட்டா எத்தினி ரிங்குன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்கு மேல் பேச்சு வராது. கரகரவென்று சத்தம் வரும். கட் ஆகிவிடும்.

நான் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுவேன். ஏறும்போது மளிகை, உரம், சிமெண்டு. இறங்கும்போது குச்சிக்கிழங்கு, புளி, கடுக்காய். பதினோரு வருசம் ஆகிறது. ஆறாவதோடு படிப்பை நிறுத்தினேன். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன்.

மலையில் பாதி ஊரில் டவர் அரைகுறை. நெட் சுத்தமாகக் கிடையாது. ஊருக்கு ஒரு பாறை இருக்கும், இல்லை ஒரு மேடு. அதில் ஏறி நின்றால் ரிங் மட்டும் போகும். அதை வைத்து ஒரு ஏற்பாடு. நான் வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே அது இருந்தது.

ஒரு தடவை ரிங் விட்டு கட் பண்ணினால், நாளைக்கு மூட்டை ஏற்ற வா. ரெண்டு தடவை அடித்தால் இன்றைக்கே வா, கிழங்கு பிடுங்கிப் போட்டாச்சு. பிடுங்கின கிழங்கு கிடந்தால் கறுத்துப்போகும். ஜவ்வரிசி மில்லில் எடுக்க மாட்டான்.

மூணு தடவை அடித்தால் மூட்டை இல்லை. ஆள்.

காய்ச்சலோ, கால் உடைந்ததோ, பிரசவமோ, ஆளைக் கீழே இறக்கணும். ஆம்புலன்சைக் கூப்பிட ரிங் போனால் போதாது. பேசணும். அதனால் எங்களைக் கூப்பிடுவார்கள். மூணு அடித்தால் ஏற்றின லோடை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டுப் போகணும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் கேட்டாலும் சரி. இது டிரைவர்களுக்குள் உள்ள வழக்கம். யாரும் மீறினதில்லை.

வந்த ரிங்கை நான் சோப்பு அட்டையைக் கிழித்து அதில் எழுதிவைப்பேன். நம்பரில் கடைசி மூணு இலக்கம், பக்கத்தில் கோடு. ஒரு நாள் கோட்டைத் தப்பான நம்பருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா. அவள் கடுக்காய் மூட்டையை ரோட்டோரம் கொண்டுவந்து வைத்துக் காத்திருந்தாள். நான் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அஞ்சு மூட்டையும் பூஞ்சை பூத்துப் போனது.

அவள் திட்டினது பெரிசில்லை. அடுத்த வாரமும் எனக்கே அடித்தாள். அதுதான் உறுத்தியது. வீட்டில் சொன்னேன். என் தங்கச்சி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள்.

"இன்னாண்ணா இது, கோழி கிளறினாப்பல கீது."

அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறினது அவள் ஒருத்திதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். ஜெராக்ஸ், பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன். சனங்கள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப் பையோடு அவளிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே இருப்பதை எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அவள் பிழைப்பு அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. கம்ப்யூட்டர் எல்லாரும் வாங்கலாம்.

நாலு மாசம் உட்கார்ந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதே வேலை. கல்யாணப் பேச்சோடு அம்மா வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாலாம் மாசம் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். யார் அடித்தது, எந்த ஊர், எத்தனை ரிங், எல்லாம் வரிசையாக வரும். ரோட்டில் எந்த வளைவு முதலில் வருமோ அந்த ஊர் முதலில். அட்டை வேண்டாம், பேனா வேண்டாம். நெட்டும் வேண்டாம். மூணு ரிங் வந்தால் மட்டும் போன் பேசும். அவள் குரல்தான்.

"ஆள் இருக்கு. போங்க."

முதல் தடவை அது பேசினபோது நான் பிரேக் போட்டுவிட்டேன்.

மற்ற டிரைவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருத்தர் போனையும் வாங்கிப் போட்டுக்கொடுக்க முடியவில்லை. போனுக்குள் ஒரு கடை இருக்கிறதே, அதில் வைத்தாள். யாருக்கும் காசு கேட்கவில்லை. அந்தக் கடை ஒரு பெரிய கம்பெனியுடையது. போனை ஓட்டுகிற சிஸ்டமும் அதே கம்பெனியுடையது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. சந்தைக் குத்தகை மாதிரி என்று நினைத்தேன். ஒருத்தன் இடத்தைப் பார்த்துக்கொள்வான், நாம் கடை போடுவோம்.

பரவிவிட்டது. சின்னசேலத்தில் கிழங்கு வண்டிக்காரன் போனில் என் தங்கச்சி குரல் கேட்டேன். ரிஷிவந்தியம் பக்கம் பால் எடுக்கிறவர் வைத்திருந்தார். திருக்கோவிலூரில் ஒரு ஆட்டோக்காரர். மிஸ்டு கால் கொடுக்கிற சனம் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போனது. அந்த மாசங்களில் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில். உங்கள் ஆப் கால் லிஸ்டைப் படிக்கிறது, எதற்கு என்று விளக்கி வீடியோ அனுப்புங்கள்.

மலையில் ஒருத்தன் வழி கேட்டால் கையைக் காட்டிவிட்டு நிற்க மாட்டார்கள். பிரிவு ரோடு வரைக்கும் கூட நடந்து வந்து காட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். கேட்டது ஒரு விளக்கம். நாங்கள் ஒரு நாள் பிழைப்பையே பிடித்து அனுப்பினோம்.

கடுக்காய் அக்கா வீட்டுக்குத்தான் போனோம். புதுச் சேலை கட்டிக்கொண்டு பாறை மேல் நின்றாள்.

"அக்கா, கேமராவப் பாக்காதீங்க. எப்பவும் போல அடிங்க" என்றாள் தங்கச்சி.

"எப்பவும் தல சீவாமத்தான் அடிப்பேன். இன்னிக்கு சீவிக்கினு வந்துட்டேனே."

"பரவால்லக்கா."

"இத்த யாரு பாக்கறது?"

"கம்பெனிக்காரங்க. வெளிநாட்டுல."

"அவங்களுக்கு இன்னாத்துக்கு நம்ம கடுக்கா விசியம்?"

"கேக்கறாங்கக்கா. சொன்னாத்தான் உடுவாங்க."

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் எல்லாத்தையும் கேக்கறானே. டிரைவரு, நீயே சொல்லுப்பா, எனக்குச் சிரிப்பு வருது."

நான் சொன்னேன். கேமராவைப் பார்த்துக் கை கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ரிங் இது, ரெண்டு ரிங் இது, மூணு அடிச்சா ஆள். மூணு அடிச்சா எதையும் விட்டுட்டுப் போகணும். ரெண்டு தடவை சொன்னேன். தங்கச்சி கீழே இங்கிலீஷில் எழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ரெண்டு வாரத்தில் ஆப்பைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் படித்துச் சொன்னாள். "கால் லிஸ்டப் படிக்கறது ஜனங்க அந்தரங்கத்துக்கு ஆபத்தாம்ணா. போனோட வர்ற கால் ஆப் மட்டும்தான் படிக்கலாமாம்."

"அது யாரோடது?"

"அவங்களோடதுதான்."

"ஜனங்கதானே அடிக்கறாங்க, நமக்குத் தெரியணும்னு?"

அவள் கம்பெனிக்குத் திரும்ப எழுதினாள். நாலு தடவை எழுதினாள். நாலு தடவையும் ஒரே பதில், எழுத்து மாறாமல்.

"அங்க ஆள் இருக்காங்களா இல்லியா?" என்றேன்.

"மிஷின் போடற பதில்ணா."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே ஆப் வைத்திருந்தவர்கள் போனில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. இந்த ஆப் ஆபத்தானது, உங்கள் தகவல்களைத் திருடக்கூடும், உடனே நீக்கவும். எங்களுக்கு வந்த பதிலெல்லாம் இங்கிலீஷ். ஆபத்து மட்டும் நல்ல தமிழில் வந்தது.

தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். படித்துச் சொன்னார்கள். ஆப் யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். குரலே அவளுடையது.

முதலில் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். "உன் தங்கச்சி ஆப்புல பேங்க்கு பணம் பூடுமாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒரு நாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். பென்ஷன் பெரியவர் ஒருத்தர் உள்ளே நின்றார். காலையில் பையைக் கொடுத்துவிட்டுப் போனவர்.

"பைய குடும்மா."

"இன்னும் ஏத்தலைங்க தாத்தா. சர்வர் கெடைக்கல. சாயங்காலம் வாங்க."

"பரவால்ல. குடு."

கொடுத்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாக வெளியே எடுத்து வைத்து எண்ணினார். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு, ரெண்டு போட்டோ. மறுபடி எண்ணினார். பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. பேரன் சொல்றான்."

அவர் போன பிறகு அவள் சோற்றைப் பிரித்தாள். சாப்பிட்டாள். நான் தண்ணி எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அதிலிருந்து ஒவ்வொருத்தராக நின்றார்கள். சண்டை போட்டு யாரும் நிற்கவில்லை. அடுத்த தெரு சென்டருக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஜெராக்ஸுக்கு மட்டும் வந்தார்கள். வெளியே நின்று தாளை நீட்டி, வெளியே நின்றே வாங்கிக்கொண்டார்கள்.

எதிரில் போன் கடை வைத்திருக்கிற பாய் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க வாங்க. இதப் பாத்துட்டுப் போங்க."

புது போன். இன்னும் பிளாஸ்டிக் உரிக்கவில்லை. தன் சிம்மையும் பழைய போனின் கால் லிஸ்டையும் அதில் ஏற்றியிருந்தார். கால் பட்டனை அமுக்கினார். மிஸ்டு காலெல்லாம் ஊர்வாரியாக வரிசையாக வந்து நின்றது. பக்கத்தில் எத்தனை ரிங் என்று நம்பர். ரோட்டு வரிசைகூட இருந்தது.

"யார் போட்டது?"

"யாரும் போடலண்ணே. பொட்டிய ஒடைச்சா உள்ளயே வருது. பழைய போனுக்கும் தானா ஏறிடும்."

"கால் லிஸ்டப் படிக்கறது தப்புன்னாங்களே?"

"போனே அவங்களுதுண்ணே. அவங்ககிட்ட அவங்களே பர்மிசன் கேப்பாங்களா?" அவர் போனைத் துடைத்து உள்ளே வைத்தார். "நான் விக்கறவன். என் மேல கோச்சிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதேன்னு கூப்ட்டேன்."

எங்கள் பக்கத்து வாரச்சந்தையில் ஒரு தடவை குத்தகைக்காரர் தன் மச்சானை வாசலிலேயே கருவாட்டுக் கடை போடவிட்டார். சுங்கம் வாங்குகிறவன் சரக்கு விற்கக் கூடாது என்பது சந்தையில் உள்ள வழக்கம். எழுதி வைத்ததில்லை. கருவாட்டுக்காரிகள் ஒரு வாரம் பார்த்தார்கள். அடுத்த வாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வாங்குகிற சனமும் ரோட்டுக்கு வந்தது. மச்சான் கடையை எடுத்தான்.

அங்கே பக்கத்தில் ரோடு இருந்தது. போனுக்குள் ரோடு ஏது?

தங்கச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் பாயிடம் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வரிசை கரெக்டா வருது" என்றாள். "எழுத்துகூட என்னுதவிடப் பெருசு."

"நம்ம வீடியோவப் பாத்துத்தான் செஞ்சானுவளா?"

"தெரிலண்ணா."

எனக்கும் தெரியவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அவளே சொன்னாள். "நீ அதையே வச்சிக்கோண்ணா. ஏவாரத்தக் கெடுத்துக்காத."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் சிவப்புக் கட்டம் வந்து மறைத்தது. அதைத் தள்ளித் தள்ளிக் கை சலித்துப் போயிருந்தது. மறுநாள் நானே அழித்தேன். நீக்கலாமா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அவள் குரல் போய்விட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

புதுசு நன்றாகத்தான் ஓடியது. ஒரு மூட்டை தவறவில்லை. ரெண்டு மாசம் அப்படிப் போனது.

ஒரு நாள் வெள்ளிமலை தாண்டிப் போகும்போது கடுக்காய் அக்கா ரோட்டில் நின்றாள். கை காட்டவில்லை. நான் நிறுத்தினேன்.

"மூணு தடவ அடிச்சேன்" என்றாள்.

"எப்பக்கா?"

"முந்தாநேத்து. மூணு தடவ அடிச்சேன். நீ வரல. மறுபடி பாறை ஏறி மூணு தடவ அடிச்சேன்."

அவள் புருசன் காலில் கொடுவாள் பட்டிருக்கிறது. ஒரு பகல் காத்திருந்திருக்கிறார்கள். நான் வருவேன் என்று வேறு வண்டியைத் தேடவில்லை. மறுநாள் காலையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் ஒன்றை வைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

"எனக்கு வரலக்கா. சத்தியமா வரல."

போனை எடுத்துக் காட்டினேன். லிஸ்டில் இல்லை. அவள் தன் போனைக் காட்டினாள். ஆறு தடவை என் நம்பர் இருந்தது.

"அப்ப இது பொய் சொல்லுதா?"

நான் ரெண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"மழையில கடுக்கா போச்சு. அன்னிக்கு உன்னத் திட்டினேன்" என்றாள். "இன்னிக்குத் திட்டல."

போய்விட்டாள்.

போனைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். எங்கேயோ உள்ளே போய்த் தேடினாள். ஒரு மூலையில் தனியாக ஒரு பெட்டி இருந்தது. தொல்லை அழைப்புகள் என்று பேர். ஆறு ரிங்கும் அதில் கிடந்தது. ஒருத்தர் அடுத்தடுத்து மூணு தடவை அடித்து கட் பண்ணினால் அது தொல்லை நம்பர் என்று முடிவு பண்ணிக்கொள்ளுமாம். சத்தம் போடாமல் தூக்கி உள்ளே போட்டுவிடுமாம்.

அக்கா நம்பருக்குக் கீழே இன்னும் ரெண்டு நம்பர் இருந்தது. அந்த மாசத்தில் மூணு மூணு அடித்தவர்கள். யார் என்று விசாரித்தேன். ஒன்று காய்ச்சல், தானாகச் சரியாகிவிட்டது. இன்னொன்று யார் என்று இதுவரை தெரியவில்லை.

பாறை மேல் நின்று நான் ரெண்டு தடவை சொன்னேன். மூணு அடிச்சா ஆள். இங்கிலீஷில் எழுத்தும் போட்டு அனுப்பினோம். எங்கள் வீடியோவைப் பார்த்துத் திருடியிருந்தால் அதையும் சேர்த்துத் திருடியிருப்பார்கள். அவர்கள் பார்க்கவே இல்லை. இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அந்த அக்கா தலை சீவிப் புதுச் சேலை கட்டி நின்றதை அங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. திருடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

தங்கச்சி அந்த மாசக் கடைசியில் சென்டரைக் காலி பண்ணினாள். ஜெராக்ஸ் மிஷினைப் பாய் எடுத்துக்கொண்டார். அவள் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஏறினால் நம்பர் அடிக்கணும், இறங்கினால் நம்பர் அடிக்கணும். என் வண்டியும் அதில் ஏறும். மற்ற வண்டிக்கு எப்படியோ அப்படியே சீட்டு நீட்டுவாள். புதுசாக எதுவும் செய்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

நான் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டுவிட்டேன். யார் அடித்தது, எத்தனை மிஸ்டு கால் என்று மட்டும் அது சொல்லும். சோப்பு அட்டை டேஷ்போர்டில் இருக்கிறது. மலைக்குப் போய், மூணு ரிங் இனிமேல் தவறாது என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். சிலர் அடித்துப் பார்த்துச் சரி என்றார்கள். கடுக்காய் அக்கா கேட்டுக்கொண்டாள். அவள் நம்பர் இன்னும் வரவில்லை. மூட்டையைப் பஸ்ஸில் போடுகிறாள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். பென்ஷன் பெரியவர் மஞ்சப் பையோடு வந்தார்.

"இன்னாப்பா, உன் தங்கச்சி கடைய ஏன் சாத்திட்டா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"இப்ப அடுத்த தெரு சென்டருக்குப் போவ வேண்டியதா கீது. அவன் பையத் தொட மாட்டேங்கறான். நீயே எடுத்து நீட்டுங்கறான். கண்ணு தெரியுதா எனக்கு? அந்தப் பொண்ணுன்னா எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்."

"போன்ல ஆபத்துன்னு வந்துச்சேங்க."

"என்னா ஆபத்து?"

"நீங்க பைய வாங்கி எண்ணிப் பாத்தீங்களே."

"நானா?" யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லியேப்பா. நான் எண்ணலியே."

காற்று போதும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். வண்டியில் ஏறினேன். மலைக்குச் சிமெண்டு ஏற்றியிருந்தது.